டூ-டூ துப்பாக்கியும் லாரி மெக்கானிக் கையும்

தங்கச்சி மகனுக்கு நியூசிலாந்தில் வேலை கிடைத்துவிட்டது. விசா வந்த மறுநாளே பினாங்கின் பிறையில் என் பட்டறைக்கு வந்து நின்றான். சம்பளம் கட்டுப்படியாகுமா, குளிர் தாங்குமா, வீட்டு வாடகை எவ்வளவு என்று ஏதாவது கேட்பான் என்று பார்த்தால், பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து தே தாரேக் டீ வருவதற்குள் கைப்பேசியை நீட்டுகிறான், அதில் வரிசையாகத் துப்பாக்கிப் படங்கள். "மாமா, நீங்க அங்க முயலுக்கு ஒரு டூ-டூ வச்சிருந்தீங்களே, அது மாதிரி நானும் வாங்கப் போறேன். இதுல எது நல்லது?"

டூ-டூ என்றால் பாயிண்ட் டூ டூ, குழல் துளை 0.22 அங்குலம் உள்ள சின்ன ரைஃபிள். எது நல்லது என்ற கேள்விக்குப் பதில் ரெண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். நான் அங்கே கெட்டுக் குட்டிச்சுவராகிக் கற்றுக்கொண்டதைச் சொல்ல ரொட்டிச்சானாய் ரெண்டு, தே தாரேக் மூன்று தேவைப்பட்டது. அன்றைக்குச் சொன்னதோடு, அப்போது விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இதைப் படித்துவிட்டு இங்கே பினாங்கில் யாரும் கடை தேடிப் புறப்பட வேண்டாம். நம் மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி காற்றுத் துப்பாக்கியே ஆயுதம்தான், அதற்கும் போலீஸ் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் சுடும் துப்பாக்கி வைத்திருந்து பிடிபட்டால் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் நான் வளர்ந்த காலத்தில் செம்பனைக் கன்றைத் தோண்டும் காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த ஆட்கள் உண்டு. அதெல்லாம் ஒத்தைக் குழல் ஷாட்கன். சில்லு சிதறிப் போகும், கிட்டத்தில் காட்டிச் சுட்டால் போதும். டூ-டூ வேறு ஜாதி. ஷாட்கன்காரர் பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்ததே எனக்கு அங்கே முதல் இடைஞ்சலாகிவிட்டது, துப்பாக்கி என்றால் தூக்கியதும் சுடுவது என்று மனசில் பதிந்திருந்தது.

நான் இருந்தது தென்தீவில், மத்திய ஒட்டாகோ என்ற வறண்ட பகுதியில், அலெக்சாண்ட்ரா என்ற சின்ன ஊர். 2015இல் போனேன், 2021இல் திரும்பினேன். லாரியும் பழத்தோட்டத்து டிராக்டரும் பழுதுபார்க்கும் வேலை. மலைச்சரிவெல்லாம் பாறையும் தைம் செடியும்தான், தங்கம் தோண்ட வந்த காலத்தில் கொண்டுவந்து விட்ட செடி, இப்போது காடாய்க் கிடக்கிறது. அதன் மேல் நடந்தால் பூட்ஸ் வாசம் அடிக்கும். அந்தச் செடிக்குள் முயல். வெள்ளைக்காரன் வேட்டைக்கும் கறிக்கும் கொண்டுவந்து விட்ட முயல் பெருகி இன்றைக்கு நிலத்தையே மொட்டையடிக்கிறது. பத்துப் பன்னிரண்டு முயல் சேர்ந்தால் ஒரு ஆட்டின் புல் காலி என்பது அங்கே பண்ணைக்காரர்களின் வாய்ப்பாடு. 1997இல் யாரோ திருட்டுத்தனமாக முயலைக் கொல்லும் வைரஸைக் கொண்டுவந்து பரப்பினார்கள், 2018இல் அரசாங்கமே அனுமதித்து அதில் வேறொரு ரகத்தை விட்டது. எங்கள் பக்கத்து முயல்களுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது. முயலைக் கட்டுப்படுத்துவது நிலக்காரர் பொறுப்பு என்பதால், ஒழுங்காகச் சுடத் தெரிந்தவன் வந்து கேட்டால் பல பேர் கேட்டைத் திறந்துவிடுவார்கள். ஒழுங்காக என்பதுதான் விஷயம்.

லைசென்ஸ் எடுப்பது பயமுறுத்தும் வேலை இல்லை, ஆனால் பொறுமை வேண்டும். பாதுகாப்புப் பாடம், தேர்வு, அப்புறம் அதிகாரி வீட்டுக்கே வந்து பேசுவார். என்னிடம் கேட்டதைவிட என் மனைவியிடம்தான் அதிகம் கேட்டார். கணவர் கோபக்காரரா என்று அவர் கேட்க, இவள் கொஞ்ச நேரம் யோசித்தாளே, அந்த யோசனையில் எனக்கு வியர்த்துவிட்டது. "சோறு குழைஞ்சா மட்டும்" என்றாள். அதை அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. இப்போது சட்டம் இறுகிவிட்டது. 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் நடந்த படுகொலைக்குப் பிறகு தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் செமி-ஆட்டோ வகைகளில் பெரும்பாலானவற்றைத் தடை செய்தார்கள், என்னோடு வேலை செய்த ஒருவர் தன்னுடையதைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பணம் வாங்கி வந்தார். பத்துத் தோட்டாவுக்கு மேற்படாத மேகசின் உள்ள டூ-டூ செமி-ஆட்டோ தப்பியது. முன்பு ஆளுக்குத்தான் லைசென்ஸ், 2023 ஜூன் 24இலிருந்து ஒவ்வொரு துப்பாக்கியையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். முதல் முறை எடுப்பவருக்கு லைசென்ஸ் 5 ஆண்டுக்குத்தான். மருமகனிடம் சொன்னேன், துப்பாக்கி பார்ப்பதற்கு முன்னால் இரும்புப் பெட்டிக்குக் காசு எடுத்து வை, தோட்டாவுக்குத் தனிப் பூட்டு வேண்டும், வாடகை வீட்டில் சுவரில் துளை போட வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள். முகம் சுருங்கிவிட்டது. படத்தில் இரும்புப் பெட்டி இல்லையே.

சரி, எந்தக் காலிபர், அதாவது குழல் துளை எந்த அளவு? அவன் காட்டிய படங்களில் பாதி பாயிண்ட் ஒன் செவன் எச்.எம்.ஆர். எனக்கும் அந்த ஆசை இருந்தது. 2002இல் வந்த தோட்டா அது, 17 கிரெயின், ஒரு கிராம் போல எடையுள்ள பொடிக் குண்டு, வினாடிக்கு 770 மீட்டருக்கு மேல் பறக்கும், 100 மீட்டரைத் தாண்டியும் கிட்டத்தட்ட நேர்கோடாய்ப் போகும். டூ-டூ லாங் ரைஃபிள் 1887இல் பிறந்த கிழவன், ஒரு அங்குல நீளத் தோட்டா, 40 கிரெயின் ஈயக் குண்டு, வேகம் அதில் பாதிகூட இல்லை. ஆனால் கிழவனின் தோட்டா மலிவு. புதிதாகக் கற்பவனுக்கு இது ஒன்றே போதுமான காரணம் என்று இன்றைக்கும் சொல்வேன். முதல் ஆண்டில் நான் காகிதத்தில் சுட்டது மட்டும் ஆயிரத்தைந்நூறுக்கு மேல் இருக்கும். விலை கூடின தோட்டாவாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் வெள்ளிக் கணக்குப் போட்டு இருநூறோடு நிறுத்தியிருப்பேன். டூ-டூவில் இன்னொரு வசதி, சத்தத்தைவிட மெதுவாய்ப் போகும் சப்சோனிக் தோட்டா கிடைக்கும், வினாடிக்கு 320 மீட்டர் போல. நியூசிலாந்தில் சைலன்சர் சாதாரணமாகக் கடையில் விற்பது, அதை முனையில் திருகிச் சுட்டால் 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம், அடுத்த முயல் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயும்.

துப்பாக்கி வாங்கியது எளிது. செக் நாட்டு சி.இசட் 455, ஒவ்வொரு தடவையும் கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் ரகம், பழையது, மரக்கட்டையில் கீறல்கள், சைலன்சருக்கு முனையில் மரை வெட்டியிருந்தது. பழையதை வாங்குகிறவன் நான்கு இடம் பார்த்தால் போதும். போல்ட்டைக் கழற்றிக் குழலுக்குள் வெளிச்சம் பார்க்கணும், துரு, குழி எதுவும் இருக்கக்கூடாது. குழல் முனை வட்டத்தில் நசுங்கலோ வெட்டோ இருந்தால் விட்டுவிடணும், குண்டு கடைசியாகத் தொட்டு விடைபெறும் இடம் அதுதான். மேகசின் கிளிக்கென்று உட்காரணும், வேறு மேகசின் கிடைக்குமா என்றும் விசாரிக்கணும். பிடி சேரும் இடத்தில் கட்டையில் விரிசல் இருக்கிறதா பார்க்கணும். அப்புறம் கண்ணை மூடித் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்துக் கண்ணைத் திற, பார்வை நேராக விழுந்தால் அது உன் துப்பாக்கி. கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது வேறு யாருக்கோ செய்தது. இன்னொன்று, டூ-டூவில் தோட்டா இல்லாமல் சும்மா விசையை இழுத்துப் பார்க்காதே. ரிம்ஃபயரில் ஊசி அடிப்பது தோட்டாவின் விளிம்பை. அங்கே விளிம்பு இல்லையென்றால் சில துப்பாக்கியில் அறையின் ஓரத்தையே கொத்திவிடும். கடைக்காரர் முன்னால் இழுத்தால் அவரும் முறைப்பார்.

இதுவரைக்கும் நான் புத்திசாலி. குறிபார்க்கும் கண்ணாடிக் குழாயான ஸ்கோப்பை மாட்டும்போதுதான் மெக்கானிக் வெளியே வந்தான்.

இருபது வருஷம் லாரிச் சக்கர நட்டு முறுக்கிய கை இது. ஒரு நட்டுக்கு 600 நியூட்டன் மீட்டர், குழாய் போட்டு ஏறி நின்று இறுக்கிப் பழக்கம். ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையத்தில் நாலு சின்னத் திருகாணி. கையால் இறுக்கினேன், சுடும்போது அதிருமே, கழன்றுவிடுமே என்று இன்னும் ஒரு கால் திருப்பு, அப்புறம் மனசு கேட்காமல் இன்னொரு கால் திருப்பு. அந்தத் திருகாணிகளுக்குத் தேவைப்படுவது 2 நியூட்டன் மீட்டர்தான். இதைப் பெட்டிக்குள் இருந்த தாளிலேயே அச்சடித்திருந்தார்கள். வாடிக்கையாளர் தாள் படிக்காமல் இஞ்சினைக் கெடுத்துக் கொண்டுவந்தால் எப்படித் திட்டுவேன் என்று என் பட்டறைப் பையன்களுக்குத் தெரியும்.

அப்புறம் சுடப் போனேன். 50 மீட்டரில் காகிதம். முதல் தோட்டா இடது மேல், ஸ்கோப்பின் திருத்தும் குமிழைத் திருப்பினேன். அடுத்தது வலது கீழ், மறுபடி திருப்பினேன். அடுத்தது எங்கே போனதென்றே தெரியவில்லை. ஒரு மத்தியானம் முழுக்க நூற்றைம்பது தோட்டா. காகிதம் கொசுவலை மாதிரி ஆனதே தவிர நடுவில் ஓட்டை விழவில்லை. காற்று என்று நினைத்தேன், தோட்டா சரியில்லை என்று நினைத்தேன், பழைய துப்பாக்கியை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுகூட நினைத்துவிட்டேன். நிலக்காரர் கிழவர், எழுபது தாண்டியவர், நாயோடு வந்து ரொம்ப நேரம் வேலியில் சாய்ந்து நின்று பார்த்தார். ஒன்றும் பேசாமல் சட்டைப்பையிலிருந்து ஆலன் சாவி எடுத்து வளையத்தைக் கழற்றினார். ஸ்கோப் குழாயில் இரண்டு வளையத்தின் தடமும் பல் பதிந்த மாதிரி அழுந்திக் கிடந்தது. உள்ளே கண்ணாடிகளைத் தாங்கியிருந்த ஏதோ ஒன்று பிடி விட்டிருக்கிறது, ஒவ்வொரு வெடிக்கும் நகர்ந்திருக்கிறது. என் ஸ்கோப்பைப் பார்த்துவிட்டு அப்புறம் என் கையைப் பார்த்தார். "லாரி?" என்றார். ஆமாம் என்றேன்.

இரண்டாவது ஸ்கோப் வாங்கும்போது கேட்டு வாங்கினேன். துப்பாக்கிக்கு ஆன செலவில் பாதியாவது ஸ்கோப்புக்கும் வளையத்துக்கும் போகட்டும் என்பார் கிழவர், எனக்கு அது வலிக்க வலிக்கப் புரிந்தது. கடைகளில் அதிகம் கிடப்பது 3-9x40 என்ற ரகம், அதாவது 3 முதல் 9 மடங்கு பெரிதாய்க் காட்டும், முன் கண்ணாடி 40 மில்லிமீட்டர். மான் சுடுகிற பெரிய துப்பாக்கிக்குச் செய்ததில் பார்வைப் பிழை 100 கெஜத்துக்குத் திருத்தப்பட்டிருக்கும், டூ-டூவுக்கென்று செய்ததில் 50 கெஜத்துக்கு. முதல் ரகத்தை வைத்துக்கொண்டு முயல் தூரத்தில் கண்ணைக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள், குறுக்குக் கோடு இலக்கின் மேல் வழுக்கிக்கொண்டு போவது தெரியும். நான் வாங்கியது 2-7x32. பெருக்கம் குறைச்சல்தான், ஆனால் பதினைந்து மீட்டரில் புதருக்குள்ளிருந்து முயல் எழுந்தால் ஒன்பது மடங்கில் வெறும் மயிர்தான் தெரியும், தலை எது வால் எது என்று தேடுவதற்குள் போய்விடும்.

மாட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. முதலில் குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொள்ளணும். சிரிக்காதீர்கள், மே மாதத்துக்கு மேல் அங்கே விடிகாலை மைனஸ் 5 வரும், தடித்த சட்டையோடு தோளில் வைத்தால் துப்பாக்கி விரற்கடை முன்னால் போய்விடும். ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் நடுவில் 9 சென்டிமீட்டர் போல இடைவெளி வேண்டும். டீ-சட்டையில் அளவு பார்த்துப் பொருத்தியவன் குளிரில் முழு வட்டம் தெரியாமல் கழுத்தை நீட்டிக்கொண்டு கிடப்பான். அடுத்து நிமிர்வு. குறுக்குக் கோட்டின் நட்டக்கோடு துப்பாக்கிக்குச் செங்குத்தாக இருக்கணும். சாய்ந்திருந்தால் 25 மீட்டரில் ஒன்றும் தெரியாது, தூரம் கூடக்கூடக் குண்டு ஒரு பக்கமாய் ஒதுங்கும். கிழவர் ஒரு மட்டப்பலகை வைத்திருந்தார். என்னிடம் இருந்தது லாரிச் சக்கர நட்டு. மீன்பிடி நரம்பில் அதைக் கட்டி ஏப்ரிகாட் மரக்கிளையில் தொங்கவிட்டேன், நம் ஊர்க் கொத்தனார் தூக்குக்குண்டு விடுவாரே, அதேதான். துப்பாக்கியை மட்டமாக மேசையில் நிறுத்தி, நரம்பும் நட்டக்கோடும் ஒன்றாகும் வரை ஸ்கோப்பைத் திருப்பி, பிறகு திருகாணிகளைக் குறுக்கும் நெடுக்குமாக, ஒவ்வொன்றாய்க் கொஞ்சம் கொஞ்சமாய். இரவல் வாங்கிய சின்ன முறுக்கு அளவு சாவியில் 2 என்று வைத்து. கிளிக்கென்றதும் கையை எடுத்துவிட்டேன். எடுக்க மனசு வரவில்லை, எடுத்துவிட்டேன்.

சுட்டுத் திருத்துவதை இப்போது பத்து நிமிஷ வேலையாக மருமகனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். போல்ட்டைக் கழற்று, துப்பாக்கியை மண்மூட்டையில் அசையாமல் வை, 25 மீட்டரில் வைத்த காகிதத்தின் நடுப்புள்ளியைக் குழல் வழியாகப் பார், துப்பாக்கியை ஆட்டாமல் ஸ்கோப்பின் குறுக்குக் கோட்டை அதே புள்ளிக்குக் கொண்டுவா. இதில் முதல் தோட்டா காகிதத்திலாவது விழும். அப்புறம் 50 மீட்டர். ஐந்து தோட்டா சுடும் வரை ஸ்கோப்பைத் தொடாதே, நான் செய்த தப்பு அதுதான், ஒவ்வொரு ஓட்டைக்கும் பின்னால் ஓடினேன். ஐந்தும் சேர்ந்த கூட்டத்தின் நடுவைப் பார். ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குதான் மினிட், குமிழை ஒரு கிளிக் திருப்பினால் அதில் கால்வாசி நகரும் கால் மினிட் ஸ்கோப்பில் 50 மீட்டரில் ஒரு கிளிக் 3.6 மில்லிமீட்டர் நகர்த்தும். கூட்டம் 5 சென்டிமீட்டர் கீழே இருந்தால் பதினான்கு கிளிக் மேலே. சைலன்சர் போடப் போகிறாய் என்றால் அதைப் போட்டுக்கொண்டே திருத்து, போட்டால் ஒரு இடம் எடுத்தால் ஒரு இடம் அடிக்கும்.

தோட்டா விஷயத்தில் டூ-டூ மாதிரி அடம்பிடிக்கிற ஜந்து கிடையாது. ஐந்து ரகத்தில் ஒவ்வொரு பெட்டி, ஐம்பது ஐம்பது தோட்டா வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். விலை கூடின ஒன்று நடுத்தரமாய் விழுந்தது. கடையில் கீழ்த் தட்டில் கிடந்த ஒரு சப்சோனிக் ஹாலோ பாயிண்ட், முனையில் குழி உள்ள ரகம், ஐந்தும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்குகிற மாதிரி விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரருடைய அதே ரகத் துப்பாக்கிக்கு அது சுத்தமாய் ஆகவில்லை. காரணம் கேட்டு மாளாது. ரகம் மாற்றினால் முதல் சில தோட்டாவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, குண்டின் மேல் பூசிய மெழுகு குழலுக்குள் படிந்து நிலைப்பட வேண்டும். இதனால்தான் டூ-டூ குழலை நான் அடிக்கடி தேய்ப்பதில்லை. சுத்தம் செய்த அன்றைக்குச் சுட்டால் முதல் நாலைந்து எங்கேயோ போகும். வெளியே எண்ணெய்த் துணி, போல்ட்டில் கரி துடைப்பு, அவ்வளவுதான். கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடணும், எல்லாம் ஈயம்.

இவ்வளவும் செய்து 50 மீட்டரில் பத்துக்குப் பத்து அடித்தவுடன் எனக்குத் தலைக்கனம் வந்தது. ஒரு சாயங்காலம் 90 மீட்டருக்கு மேல் ஒரு முயல், தைம் செடிக்குப் பக்கத்தில் காதை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. 50க்குத் திருத்திய சப்சோனிக் குண்டு 75 மீட்டரிலேயே 9 சென்டிமீட்டர் போலக் கீழே இறங்கும், 100 மீட்டரில் 25 சென்டிமீட்டர், முழம் கணக்கில் பாதிக்கு மேல். பக்கவாட்டுக் காற்று மணிக்கு 15 கிலோமீட்டர் அடித்தால் 50 மீட்டரில் 2 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளும், 100இல் அதைப்போல நாலு மடங்கு. இதெல்லாம் எனக்குத் தெரியும், தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். உத்தேசமாய் மேலே காட்டிச் சுட்டேன். பின்னங்கால் ஒடிந்து காட்டு ரோஜா முட்புதருக்குள் இழுத்துக்கொண்டு போனது. கையெல்லாம் கீறி, டார்ச் அடித்து, நாற்பது நிமிஷம் தேடினேன். சத்தம் வைத்துத்தான் கண்டுபிடித்தேன். முயல் கத்தும் என்பது எனக்கு அதுவரை தெரியாது, பச்சைப்பிள்ளை அழுகிற மாதிரி இருக்கும். முடித்துவிட்டு வந்து ரொம்ப நேரம் வண்டியில் உட்கார்ந்திருந்தேன்.

கிழவரிடம் சொன்னபோது திட்டவில்லை. மறுநாள் ஒரு கட்டுக் காகிதத் தட்டு கொண்டுவந்தார், ஒவ்வொன்றின் நடுவிலும் 4 சென்டிமீட்டர் வட்டம், முயல் தலையில் உயிர்போகும் இடம் அவ்வளவுதான். மேசை கூடாது, மண்மூட்டை கூடாது. முழங்காலிட்டு, உட்கார்ந்து, வேலிக் கட்டையில் கையைக் கொடுத்து அதன் மேல் துப்பாக்கியை வைத்து, காட்டில் எப்படிச் சுடுவாயோ அப்படி. 30 மீட்டரில் ஆரம்பித்துப் பத்துக்குப் பத்து அடித்தால் பத்து மீட்டர் பின்னால் போகலாம். ஒன்று தவறினால் அந்தத் தூரம் உன்னுடையது இல்லை. மேசையில் 50 மீட்டரில் ராஜாவாக இருந்தவன் உட்கார்ந்த நிலையில் 40இல் தோற்றேன். மூன்று மாதம் கழித்து 60 ஆயிற்று. ஊர் திரும்பும் வரை அதைத் தாண்டி ஒரு முயலைக்கூடச் சுடவில்லை. தாண்டி நிற்கிற முயலிடம் ஊர்ந்து போகக் கற்றுக்கொண்டதுதான் மிச்சம், அதில் எனக்குத் தொப்பையும் கொஞ்சம் குறைந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்த ஊர்ப் பாறை அடுக்கடுக்காய்ப் பலகை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். 35 மீட்டரில் அப்படி ஒரு பாறை மேல் முயல், லட்டு மாதிரி. சுட்டேன். முயலும் விழுந்தது, கூடவே 'வீய்ங்' என்று ஒரு சத்தம் மேடு தாண்டிப் போனது. டூ-டூ குண்டு மெதுவானது, மெத்து ஈயம், பாறையிலோ தண்ணீரிலோ சறுக்கிப் பட்டால் உடையாமல் எகிறிவிடும். தோட்டாப் பெட்டியிலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று போட்டிருப்பார்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் பண்ணை வேலையாட்கள் குடியிருப்பு. ஓடிப்போய் மேட்டில் ஏறிப் பார்த்தேன், ஒரு பொம்பளை கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கால் நடுங்கியது. பாடத்தில் சொல்லிக்கொடுத்த ஏழு விதியில் 'சுடும் திசையைச் சரிபார்' என்பது ஐந்தாவது, தேர்வில் அதைத் தப்பில்லாமல் எழுதியவன்தான் நான். அதற்குப் பிறகு முயலுக்குப் பின்னால் மண் சரிவு இருந்தால்தான் விசையைத் தொடுவேன். மேட்டு விளிம்பில் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற முயலுக்கு நான் கும்பிடு போட்டுவிடுவேன்.

மற்றது சின்னச் சின்ன விஷயம். ஒவ்வொரு முறையும் போவதற்கு முன்னால் நிலக்காரருக்குப் போன் போடணும், போன வாரம் விட்டாரே என்று நுழையக் கூடாது. திறந்திருந்த கேட்டைத் திறந்தபடி, மூடியிருந்ததை மூடியபடி. பண்ணையில் அனுமதியோடு இரவில் விளக்கடித்துச் சுடலாம், அரசாங்கக் காட்டு நிலத்தில் அது குற்றம். கறிக்கு எடுப்பதாக இருந்தால் விஷம் வைத்திருக்கிறார்களா என்று முதலில் கேட்கணும், முயலுக்கு அங்கே விஷத் தீனி போடுவது சாதாரணம். என் மனைவி முயலை மிளகு தட்டிப் போட்டுப் பிரட்டுவாள், கிழவர் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டே நல்லாயிருக்கு என்றார்.

திரும்பி வரும்போது துப்பாக்கியை லைசென்ஸ் உள்ள ஒருவருக்கு விற்றேன். வேட்டைச் சட்டையைக் கொண்டுவரவே இல்லை, அங்கேயே கொடுத்துவிட்டேன். தோட்டா எங்கே ஒளியும் என்று சொல்ல முடியாது, பையின் மடிப்பில், காலுறைக்குள், கார் சாவிக்கொத்தில் அலங்காரமாய் மாட்டிய வெற்றுக் கூட்டில். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் எக்ஸ்ரே திரையில் ஒரு டூ-டூ தோட்டா தெரிந்தால் என்ன விளக்கம் சொன்னாலும் எடுபடாது. நான் மூன்று தடவை பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். மருமகனிடம் இதை மட்டும் இரண்டு முறை சொன்னேன்.

அவன் போய் எட்டு மாசம் ஆகிறது. லைசென்ஸ் கிடைத்துவிட்டது, இரும்புப் பெட்டி வாங்கிவிட்டான், துப்பாக்கியும் வாங்கிவிட்டான், நான் சொன்ன ரகம் இல்லை, அவன் பார்த்து ஆசைப்பட்டதுதான், டூ-டூ வரைக்கும் ஒத்துக்கொண்டானே. போன ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் மூன்று காகிதத்தின் படம். 25 மீட்டரில் ஐந்து ஓட்டையும் நடுவில் நெருக்கி விழுந்திருக்கிறது. 50 மீட்டரில் கொஞ்சம் இடது. 75 மீட்டரில் இன்னும் இடது, அதே அளவு நெருக்கமாக. கீழே "காத்து மாமா" என்று எழுதியிருந்தான். படத்தின் ஓரத்தில் புல் தெரிகிறது, ஒரு இதழ்கூட அசைந்த மாதிரி இல்லை.

"தூக்குக்குண்டு கட்டினியா?" என்று கேட்டேன்.

ரெண்டு நீல டிக் விழுந்தது. அரை மணி நேரம் பதில் இல்லை. அப்புறம் ஒரு படம் வந்தது, வேலிக் கம்பியில் ஒரு கயிறு, கயிற்று நுனியில் டீக்கோப்பை.

"நட்டு இல்ல மாமா. இது ஆகுமா?"

ஆகும் என்று போட்டேன், டீயைக் குடிச்சிட்டுக் கட்டு.